ஓ நீல் என்னும் பெயர்: டியூடர் அரசரும் அயர்லாந்தும்

இங்கிலாந்து தேச சரித்திரத்தைப் பயிலும் மாணவர் டியூடர் அரசர் காலத்தை ஆவலோடு படிப்பது இயல்பே. ஸ்பானியக் கப்பற்படையின் அழிவும், ஷேக்ஸ்பியரின் நாடகங்களும், கடல் கடந்து சென்ற மாலுமிகளின் துணிவும் அக்காலத்தை ஒளி மிக்கதாக்கிக் காட்டுகின்றன. ஆயின் அதே எலிஸபெத்து அரசியாரின் பொக்கிஷத்தை வற்றச் செய்ததும், அவர் பெரிதும் நேசித்த பிரபு ஒருவர் வீழ்ச்சியுறுவதற்கு வழி திறந்ததும், அண்டையிலுள்ள அயர்லாந்துத் தீவில் நிகழ்ந்த போரேயாகும். நம் பாடப் புத்தகங்கள் இதனை இரண்டொரு வாக்கியங்களிற் கூறிவிட்டு மேற்செல்கின்றன. அவ்வாக்கியங்களுக்குள் மறைந்து கிடப்பது யாது என்று சிறிது ஆராய்வோம்.

நூறாண்டுக் கதை முழுவதையும் இங்கே விரித்தற்கு இடமில்லை. ஆகலின் நாம் ஒரே ஒரு பெயரைப் பற்றிக்கொண்டு செல்வோம். 'ஓ நீல்' என்பது அப்பெயர். 1542-ஆம் ஆண்டில் ஒருவர் அதனை அரசர் திருமுன் துறந்தார். 1569-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் அதனை ஒழித்தது. அதற்குப்பின் அதைத் தரிப்பது ராஜத்துரோகமாயிற்று. 1595-ஆம் ஆண்டில் முன்னவரின் பேரர் அதைத் தரித்தார். எட்டாண்டுகளுக்குப்பின் அவரே முழந்தாளிட்டு அதைக் கைவிட்டார். ஒரு பெயரைப் பொருட்டாகக் கொண்டு ஒரு பேரரசு இத்துணை அஞ்சியது ஏன்?

ஐரிஷ் மொழியில் 'ஓ' என்பதற்குப் பேரன் அல்லது வழித்தோன்றல் என்பது பொருள். 'மாக்' என்பதற்கு மகன் என்பது பொருள். நீல் என்னும் பண்டை அரசனின் வழிவந்தோர் எல்லாரும் ஓ நீல்களே. ஆனால் இயற்பெயர் ஏதுமின்றி 'ஓ நீல்' என்று மட்டும் அழைக்கப்படுவோர் ஒரு காலத்தில் ஒருவரே இருத்தல் கூடும். அவரே அக்குலத்தின் தலைவர், தீவின் வடபாலுள்ள அல்ஸ்டர் மாகாணத்தில் மிகப் பெரிய சிற்றரசர். எனவே அஃது ஒரு பெயரன்று, ஓர் ஆட்சி.

இனி ஆங்கிலேயரின் நிலையைக் காண்போம். 1171-ஆம் ஆண்டில் இரண்டாவது ஹென்றி மன்னர் அயர்லாந்திற் கரையிறங்கிய நாள் தொட்டு இங்கிலாந்து வேந்தர் அத்தீவின் அதிபர் என்னும் பட்டத்தைத் தரித்து வந்தனர். பட்டம் பெரிது, ஆட்சி சிறிது. நார்மானியப் பிரபுக்கள் அங்கே சென்று நிலங்களைக் கவர்ந்து கோட்டைகளைக் கட்டினர் என்பது உண்மையே. ஆயின் சில தலைமுறைக்குள் அவர்களில் பலர் ஐரிஷ் மொழி பேசி, ஐரிஷ் மங்கையரை மணந்து, ஐரிஷ் பாணர்க்குப் பரிசில் வழங்கும் நிலையை எய்தினர். இதனைத் தடுக்கும் பொருட்டு 1366-ஆம் ஆண்டில் கில்கென்னி நகரிற் சட்டங்கள் இயற்றப்பட்டன. குடியேறினோர் ஐரிஷ் மொழி பேசலாகாது, ஐரிஷ்காரரை மணத்தலாகாது, ஐரிஷ் வழக்கப்படி நீதி பெறலாகாது என்று அவை விதித்தன. ஒரு வழக்கத்தைச் சட்டத்தால் தடுக்க நேரும்பொழுது அவ்வழக்கம் எவ்வளவு வேரூன்றிவிட்டது என்பதை அச்சட்டமே காட்டிக் கொடுத்துவிடுகிறதன்றோ? டியூடர் வம்சத்தின் முதல் மன்னராகிய ஏழாவது ஹென்றி 1485-ஆம் ஆண்டில் முடி புனைந்த காலத்தில், ஆங்கிலச் சட்டம் முழுமையாகச் செல்லுபடியான பகுதி டப்ளின் நகரையும் அதனைச் சூழ்ந்த சில கோட்டங்களையும் தவிர வேறில்லை. 'பேல்' என்று அதனை வழங்கினர்; வேலிக்கால் என்பது அச்சொல்லின் பொருள். அதன் எல்லையிற் சிற்சில இடங்களில் அகழியும் மண்மேடும் எடுக்கப்பட்டிருந்தன.

வேலிக்கு அப்பாலுள்ள நாட்டை அரசர் எங்ஙனம் ஆண்டனர்? ஆளவில்லை என்பதே விடை. கில்டேர் பிரபுக்கள் என்னும் ஜெரால்டு குலத்தாரைத் தம் பிரதிநிதிகளாக நியமித்து, அவர்கள் செல்வாக்கினால் நாடு ஒருவாறு அமைதியாயிருப்பதே போதுமென இருந்துவிட்டனர். எட்டாவது ஹென்றிக்கு இது பொறுக்கவில்லை. ஒன்பதாவது கில்டேர் பிரபு லண்டனுக்கு வரவழைக்கப்பட்டு அங்கேயே தங்க நேர்ந்தது. அவர் மைந்தர் தாமஸ் என்னும் இளைஞர் 1534-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் தேதி டப்ளினில் ஆலோசனைச் சபை கூடியிருந்த இடத்திற் புகுந்து, பிரதிநிதிக்குரிய அரச வாளைக் கீழே எறிந்து, அரசரோடு தமக்கிருந்த உறவை முறித்துக்கொண்டார். பட்டு அணிந்த தாமஸ் என்று சரித்திரம் அவரை அழைக்கிறது. மறு ஆண்டில் பீரங்கிகளால் அவருடைய மேநூத் கோட்டை வீழ்ந்தது. சரணடைந்த காவலர் கொல்லப்பட்டனர். 'மேநூத் மன்னிப்பு' என்று மக்கள் அதற்குக் கசப்போடு பெயரிட்டனர். உயிர்ப்பிச்சை உண்டு என்ற நம்பிக்கையின் மேற் சரணடைந்த தாமஸும், கலகத்திற் சேராதோர் உட்பட அவருடைய சிற்றப்பன்மார் ஐவரும், 1537-ஆம் ஆண்டு பெப்ருவரியில் லண்டனில் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டனர்.

இடையே நின்ற பெருங்குலம் விழுந்தபின், அரசர் ஐரிஷ் தலைவர்களை நேருக்கு நேராகச் சந்திக்க வேண்டியவரானார். 1541-ஆம் ஆண்டில் டப்ளினிற் கூடிய பார்லிமெண்டு ஹென்றியை 'அயர்லாந்தின் அரசர்' என்று அறிவித்தது. அம்மசோதாவை ஆர்மண்டு பிரபு ஐரிஷ் மொழியிற் பெயர்த்துக் கூறினாராம்; பிரபுக்கள் சபையில் அம்மொழியையன்றி வேறறியாதோரும் அமர்ந்திருந்தனர் என்பது இதனால் விளங்கும். அதிபர் என்பதற்கும் அரசர் என்பதற்கும் வேறுபாடு சொல்லளவினதன்று. அதிபருக்குப் பேலுக்கு வெளியே இருந்தோர் பகைவர். அரசருக்கோ அவர்கள் அனைவரும் குடிகள். குடிகளென்றால் சட்டத்தின் காவலுக்குரியோர். அதே சமயத்தில், எதிர்த்தால் பகைவரல்லர், துரோகிகள்.

அப்பொழுது பிரதிநிதியாயிருந்த ஆண்டனி செயிண்ட் லெஜர் என்பவர் வாளினும் பட்டயத்தை நம்பினார். குலத்தலைவர் ஒவ்வொருவரும் தம் நிலத்தை அரசரிடம் ஒப்படைக்க வேண்டும். அரசர் அதனையே ஆங்கிலச் சட்டப்படி அவர்க்குத் திருப்பி அளித்து, பிரபுப் பட்டமும் சூட்டுவார். தலைவர் ஆங்கில உடையும் மொழியும் வழக்கமும் கைக்கொண்டு, பழைய குலப்பெயரைத் துறத்தல் வேண்டும். இரத்தம் சிந்தாத இம்முறையைப் பல ஆசிரியர்கள் புகழ்ந்துள்ளனர். நாமும் மற்றவற்றோடு ஒப்பிடுங்கால் இதனை நன்றென்றே கொள்வோம். ஆயினும் இதன் அடியில் ஒரு பெரும் பிழை இருந்தது. ஒப்படைக்கப்பட்ட நிலம் ஒப்படைத்தவருக்குச் சொந்தமன்று என்பதே அது.

இதனைச் சற்று விளக்குவது அவசியம். ஆங்கிலச் சட்டத்தில் நிலமெல்லாம் அரசரிடமிருந்து பெறப்படுவது. தந்தைக்குப்பின் மூத்த மகனைச் சேர்வது. ஐரிஷ் வழக்கம் அதனின் வேறு. குலத்தலைவருக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தை அவர் தம் வாழ்நாள் அளவும் அனுபவிக்கலாம். அவர்க்குக் காணிக்கை செலுத்தும் சிறு தலைவர்களும் கிளைக் குடும்பங்களும் தத்தம் நிலத்தைத் தம் உரிமையிலேயே வைத்திருந்தனர். தலைவர் இறந்தால் மூத்த மகன் பட்டத்துக்கு வருவான் என்ற நியதி இல்லை. ஒரு பூட்டனின் வழிவந்த ஆண்மக்களாகிய தாயாதிகளுள் வலிமையும் தகுதியும் உடையான் ஒருவன் தெரிந்தெடுக்கப்படுவான். தலைவர் உயிரோடிருக்கும்பொழுதே அடுத்தவனைத் தெரிந்து வைப்பதும் உண்டு. அவனுக்கு 'டானிஸ்ட்' என்று பெயர். இம்முறையிற் சண்டை குறைவன்று. தாயாதிகள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட செய்திகள் ஐரிஷ் வரலாற்றுக் குறிப்புக்களில் ஆண்டுதோறும் வருகின்றன. ஆகவே பழைய வழக்கத்தைப் பொற்காலமாக்கிப் பாடும் சில ஐரிஷ் ஆசிரியர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. எனினும், அதுவே அம்மக்கள் அறிந்த நீதி. ஒரு தலைவர் கடல் கடந்து சென்று குலத்தார் அனைவருடைய உரிமையையும் ஒரு கையொப்பத்தாற் கொடுத்து, தமக்கும் தம் மகனுக்குமாகத் திரும்பப் பெற்று வந்தால், தாயாதிகள் அதனை எவ்வாறு ஏற்பர்?

அவ்வாறே நிகழ்ந்தது. 1542-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் தேதி கிரீன்விச் அரண்மனையில் கான் ஓ நீல் என்னும் முதியவர் ஓ நீல் என்ற பெயரைத் துறந்து, டைரோன் பிரபுவாகப் பட்டம் பெற்றார். அவருக்குப்பின் பட்டத்துக்குரியவராக மாத்யூ என்பவர் குறிக்கப்பட்டார். இந்த மாத்யூவோ டண்டால்க் ஊர்க் கொல்லன் ஒருவனுடைய மகனாக வளர்ந்தவர். பதினாறு வயதளவில் அவர் தாய் அவரைக் கானின் மகன் என்று கூற, கான் ஏற்றுக்கொண்டார். ஐரிஷ் வழக்கத்திற்கு இஃது இடையூறன்று. ஆனால் ஆங்கிலச் சட்டம் போற்றும் முறையான மணத்திற் பிறந்தவர் ஷேன் என்னும் வேறொரு மைந்தர். ஷேன் இரு சட்டங்களையும் மாறி மாறிப் பயன்படுத்தினார். குலத்தார் என்னைத் தெரிந்தெடுத்தனர், ஆதலின் நான் ஓ நீல் என்றார். மாத்யூ முறையான மகனல்லன், ஆதலின் ஆங்கிலச் சட்டப்படியும் நானே உரியவன் என்றார். இவ்விரு வாதங்களையும் ஒருங்கே மறுப்பது லண்டன் வழக்கறிஞர்க்கும் எளிதாயில்லை. 1558-ஆம் ஆண்டில் மாத்யூ ஷேனுடைய ஆட்களாற் கொல்லப்பட்டார். மறு ஆண்டிற் கான் இறந்தார். ஷேன் ஓ நீல் ஆனார்.

1562-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் எலிஸபெத்து அரசியாரைக் காண லண்டன் சென்றார். தலை மூடா முடியும், குங்கும நிறச் சட்டையும், கையிற் கோடரியுமாகச் சென்ற அவருடைய காவலரைக் காண நகர மக்கள் வீதியெங்கும் திரண்டனராம். அரசியார் முன் விழுந்து வணங்கி, ஐரிஷ் மொழியிலேயே தம் விண்ணப்பத்தைக் கூறினார். அவ்வரவினால் நிலைத்த உடன்பாடு ஏதும் ஏற்படவில்லை. ஐந்தாண்டுகட்குப்பின் அவர் வீழ்ந்ததும் ஆங்கிலப் படையாலன்று. 1567-ஆம் ஆண்டு அண்டை நாட்டு ஓ டானல் குலத்தார் அவரைத் தோற்கடித்தனர். பழைய பகைவராகிய மக்டானல்களிடம் அடைக்கலம் புகுந்தபோது அவர்கள் விருந்திடையே அவரைக் கொன்றனர். தலை மட்டும் டப்ளின் கோட்டையை வந்தடைந்தது.

இரண்டாண்டுகட்குப்பின் டப்ளின் பார்லிமெண்டு இறந்த ஷேனைத் துரோகியென்று அறிவித்து, ஓ நீல் என்னும் பெயரையே ஒழித்தது. ஷேனுக்குப்பின் குலத்தாராற் பட்டம் கட்டப்பெற்ற டர்லோ லினாக் என்பவர் அச்சட்டத்துக்குப் பின்னும் ஓ நீலாகவே இருந்து வந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

பட்டயத்தால் ஆகாததைக் குடியேற்றத்தால் செய்ய வேண்டும் என்ற எண்ணம் இதற்குள் வலுப்பெற்றிருந்தது. இதனைத் தொடங்கியவர் சீர்திருத்த மதத்தவரல்லர். கத்தோலிக்க அரசியாராகிய மேரியேயாவர். 1556-ஆம் ஆண்டில் லீஷ், ஆபலி என்னும் நாடுகள் ஓ மோர், ஓ கானர் குலங்களிடமிருந்து பறிக்கப்பட்டு, அரசி கோட்டம், அரசர் கோட்டம் எனப் பெயரிடப்பட்டு, ஆங்கிலேயர் குடியேறுதற்கு வகுக்கப்பட்டன. ஐரிஷ் எதிர்ப்பை மதப் பகை ஒன்றே விளைத்தது என்று கூறுவோர் இதனை மனத்திற் கொள்வாராக. நிலப்பகை முந்தியது; மதப்பகை பின்னே வந்து அதனோடு கலந்தது.

கலந்தபின் விளைவு கொடிதாயிற்று. 1570-ஆம் ஆண்டிற் பாப்பரசர் எலிஸபெத்தைச் சபைக்குப் புறம்பாக்கினார். தென்பாலுள்ள மன்ஸ்டர் மாகாணத்தில் டெஸ்மாண்டு குலத்தார் இருமுறை கிளர்ந்தெழுந்தனர். இரண்டாங் கிளர்ச்சியில் பாப்பரசர் உதவியோடு வந்திறங்கிய இத்தாலியரும் ஸ்பானியருமாகிய சுமார் 600 பேர் 1580-ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்மெர்விக் என்னுமிடத்தில் சரணடைந்தனர். சரணடைந்தபின் பிரதிநிதியாகிய கிரே பிரபுவின் ஆணையாற் கொல்லப்பட்டனர். கிரேயின் காரியதரிசி வேறெவருமல்லர். ஆங்கிலக் கவிகளுள் தலைசிறந்தோருள் ஒருவராகிய எட்மண்டு ஸ்பென்ஸரே. தொடர்ந்து பயிர்கள் எரிக்கப்பட்டுப் பஞ்சம் வந்தது. 1582-ஆம் ஆண்டில் ஆறு மாதத்துள் 30,000 பேர் மாண்டனர் என்று ஆங்கில அதிகாரிகளே கணக்கிட்டனர். அப்பஞ்சத்தைத் தாம் கண்டவாறு ஸ்பென்ஸர் உரைநடையில் எழுதி வைத்திருக்கிறார். மக்களின் நிலை கண்டு அவர் இரங்குகிறார். ஆயின் அதே நூலில் அம்முறையையே மீண்டும் கையாளலாம் என்று யோசனையும் கூறுகிறார். இரக்கமும் யோசனையும் ஒரே பேனாவிலிருந்து வந்தமையை இலக்கியம் பயிலும் நம் மாணவர் சிந்திக்க வேண்டும். பறிமுதலான மன்ஸ்டர் நிலத்தில் அவருக்கும் 3,000 ஏக்கருக்குக் குறையாத பங்கு கிடைத்தது.

இவ்விடத்தில் மதப் பிரசாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதிருக்க முடியவில்லை. தாய்மொழியில் வழிபாடு என்பது சீர்திருத்தத்தின் உயிர்நாடி. அயர்லாந்திலோ 1560-ஆம் ஆண்டுச் சட்டம், ஆங்கிலம் அறியாத குருமார் உள்ள இடங்களில் புதிய வழிபாட்டை லத்தீனில் நடத்தலாம் என்றது. மக்கள் பேசிய ஐரிஷ் மொழியில் நடத்தலாம் என்று கூறவில்லை. அத்தீவில் ஐரிஷ் மொழியில் முதல் நூல் அச்சானது 1571-ஆம் ஆண்டில். அது ஒரு சிறு வினாவிடை நூல். எழுத்து வார்ப்பதற்கு எலிஸபெத்து அரசியாரே பொருளுதவினார். புதிய ஏற்பாடோ 1602-ஆம் ஆண்டென்று பொறிக்கப்பட்டு வெளிவந்தது. அதற்குள் ஒரு தலைமுறை கழிந்துவிட்டது. ஸ்பெயினிலும் பிரான்சிலும் பயின்ற ஐரிஷ் குருமார் மக்களின் மொழியிலேயே பேசிக்கொண்டு திரும்பி வந்துவிட்டனர். சமயம் மாறாமைக்கு மக்களின் பிடிவாதத்தைக் காரணங் கூறினர் ஆங்கிலேயர். மொழியை அஞ்சியவர்க்கு அம்மொழியில் வேதம் பரப்ப மனம் எழாமையே பெருங்காரணம் என்பது நம் கருத்து.

இனி நம் பெயருக்குத் திரும்புவோம். கொலையுண்ட மாத்யூவின் மைந்தர் ஹியூ என்பவர் ஆங்கிலேயரின் பாதுகாப்பில், பேலில் வாழ்ந்த ஹோவெண்டன் என்னும் ஆங்கிலக் குடும்பத்தில் வளர்ந்தார். அரசாங்கம் ஓர் ஐரிஷ் பிரபுவை எவ்வாறு ஆக்க விரும்பியதோ அவ்வாறே ஆனவர் அவர். ஆங்கிலம் நன்கறிந்தவர், டெஸ்மாண்டு கிளர்ச்சியில் அரசியார் பக்கம் நின்று போர் புரிந்தவர், 1585-ஆம் ஆண்டுப் பார்லிமெண்டில் டைரோன் பிரபுவாக அமர்ந்தவர். தம் நாட்டில் அமைதி காக்க அரசாங்கச் செலவிற் படை வைத்துக்கொள்ள அனுமதி பெற்றார். பயிற்சி முடிந்தோரை வீட்டுக்கனுப்பிப் புதியோரைச் சேர்த்து அப்படையின் வாயிலாகவே தம் குடிகள் பலரையும் போர் பழக்கினார் என்பர். கோட்டைக்குக் கூரையிட வரவழைத்த ஈயம் பின்னர்த் துப்பாக்கிக் குண்டாயிற்று என்ற கதையும் உண்டு. தாயாதிகள்பால் அவர் இரக்கமுடையரல்லர். ஷேனின் மைந்தர் ஒருவரை 1590-ஆம் ஆண்டில் தூக்கிலிட்டார். மறு ஆண்டில் அரசியாரின் படைத்தலைவராகிய ஹென்றி பாக்னலின் தங்கை மேபல் என்னும் மங்கையை அண்ணன் விருப்பத்துக்கு மாறாக அழைத்துச் சென்று மணந்தார். பாக்னல் இதனை மன்னிக்கவேயில்லை.

இத்தகையவர் ஏன் எதிர்த்தெழுந்தார்? அவர் ஆரம்பத்திலிருந்தே சூழ்ச்சி செய்தார் என்பர் சிலர். தள்ளப்பட்டார் என்பர் சிலர். நமக்கோ இரண்டும் ஒருவாறு உண்மையென்றே தோன்றுகிறது. அண்டையிலுள்ள மானகன் நாட்டை அரசாங்கம் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்து, அதன் தலைவரைத் தூக்கிலிட்டது. அடுத்தது டைரோனே என்பது வெளிப்படை. பட்டயத்தை நம்பினால் அதிகாரிகள் ஒவ்வொரு கோட்டமாக அதிகாரத்தை அரித்துவிடுவர். குலத்தாரை நம்பினால் துரோகியாக வேண்டும். பிரபுவாக மட்டும் நின்றால் ஷேனின் மைந்தர்கள் ஓ நீல் ஆகிவிடுவர். ஓ நீலாக மட்டும் நின்றால் பிரபுப் பட்டம் போய்விடும். பல ஆண்டுகள் இரு படகிலும் கால் வைத்தே நின்றார். 1595-ஆம் ஆண்டு ஜூனில் அவர் துரோகியென்று பறைசாற்றப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் முதியவர் டர்லோ இறந்தார். டல்லிஹோக் என்னும் குன்றின்மேல் பழைய கல்லாசனத்தில் ஹியூவுக்கு ஓ நீல் பட்டம் சூட்டப்பெற்றது. அச்சடங்கில் ஓ கஹன் குலத்தலைவர் ஒரு செருப்பைப் புதிய தலைவரின் தலைக்குமேல் எறிவது வழக்கம். பாதுகை அரசாண்ட கதை பயின்ற நமக்கு இச்சடங்கு முற்றிலும் விந்தையாகத் தோன்றாது.

இனிப் போர். மேற்கே டிரகானல் நாட்டுத் தலைவர் ஹியூ ரோ ஓ டானல் அவரோடு சேர்ந்தார். இளமையில் வஞ்சகமாகக் கப்பலிற் பிடிக்கப்பட்டு டப்ளின் கோட்டையில் நான்காண்டு சிறையிருந்து, பனிமலையிற் கால்விரல்களை இழந்து தப்பியவர் இவர். அரசாங்கம் தானே ஆக்கிக்கொண்ட மற்றொரு பகைவர் எனலாம். 1598-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் தேதி, ஆர்மா நகருக்கருகில் மஞ்சள் துறை என்னுமிடத்தில், முற்றுகையிடப்பட்ட கோட்டைக்கு உணவு கொண்டு சென்ற சுமார் 4,000 பேர் கொண்ட ஆங்கிலப் படை சிதறடிக்கப்பட்டது. படையை நடத்திச் சென்றவர் மேபலின் அண்ணன் பாக்னல். முகமூடியை உயர்த்திப் பார்த்த கணத்திற் குண்டு பட்டு வீழ்ந்தார். அயர்லாந்தில் ஆங்கிலப் படை அதற்குமுன் இத்தகைய தோல்வி கண்டதில்லை. செய்தி பரவவே மன்ஸ்டர் குடியேற்றம் சில வாரங்களிற் கலைந்தது. ஸ்பென்ஸரின் கில்கால்மன் மாளிகை எரிந்தது. அவர் தப்பி லண்டன் சென்று 1599-ஆம் ஆண்டு ஜனவரியில் இறந்தார்.

அரசியார் தம் அன்பிற்குரிய எஸ்ஸெக்ஸ் பிரபுவைப் பதினாறாயிரம் பேருக்கு மேற்பட்ட சேனையோடு அனுப்பினார். இங்கிலாந்திலிருந்து அதுவரை அத்தீவுக்குச் சென்ற படைகளுள் அதுவே பெரிது. எஸ்ஸெக்ஸ் தெற்கே சுற்றிச் சுற்றிச் சேனையை நோய்க்கும் பசிக்கும் இரையாக்கினார். இறுதியில் 1599-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி, லாகன் ஆற்றுத் துறையொன்றில் ஓ நீலைச் சந்தித்தார். ஓ நீல் குதிரையின் வயிறளவு நீரில் இறங்கி நின்றார். எஸ்ஸெக்ஸ் கரையில் நின்றார். சாட்சிகள் எவருமின்றி அரைமணி நேரம் பேசினர். என்ன பேசினர் என்பது அவ்விருவர்க்கே வெளிச்சம். விளைந்தது ஓர் உடன்படிக்கை, போர் நின்றது. அதே மாதத்தில் எஸ்ஸெக்ஸ் உத்தரவின்றி இங்கிலாந்து திரும்பினார், காவலில் வைக்கப்பட்டார். பின்னர் லண்டனிற் கலகஞ் செய்யத் துணிந்து 1601-ஆம் ஆண்டு பெப்ருவரியில் தலையிழந்தார்.

அவ்வுடன்படிக்கைக் காலத்தில் ஓ நீல் 22 நிபந்தனைகளை வெளியிட்டார். கத்தோலிக்க சமயத்துக்குச் சுதந்திரம், ஒரு சர்வகலாசாலை, ஐரிஷ்காரர்க்கே உயர் பதவிகள் முதலியன அவற்றுட் சில. குலத்தலைவர் ஒருவர் தம் தாயாதியோடு தொடுத்த வழக்கு இங்ஙனம் ஒரு தேசத்தின் கோரிக்கையாக வளர்ந்தது காண்க. அரசியாரின் மந்திரி ராபர்ட் செஸில் அத்தாளின்மேல் 'உட்டோப்பியா' என்று எழுதிவைத்தார். பேலில் வாழ்ந்த கத்தோலிக்க ஆங்கிலேயர் இதற்கு இணங்கி ஓ நீலோடு சேர்ந்திருந்தால் முடிவு வேறாயிருக்கலாம். அவர்கள் சேரவில்லை. சமயம் ஒன்றாயினும் ஓ நீலின் ஆட்சியை அவர்கள் அஞ்சினர்.

1600-ஆம் ஆண்டில் வந்த மௌண்ட்ஜாய் பிரபு முன்னவர்களைப் போன்றவரல்லர். குளிர்காலத்திலும் போரை நிறுத்தாமல், கோட்டைகளை நெருங்கக் கட்டி, பயிரை அழித்து, பசியையே படையாக்கினார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் எதிர்பார்த்த ஸ்பானியர் வந்தனர். ஆனால் ஓ நீல் இருந்த வடகோடிக்கன்று, தென்கோடியிலுள்ள கின்ஸேல் துறைமுகத்துக்கு. மூவாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட அவர்களை மௌண்ட்ஜாய் முற்றுகையிட்டார். ஓ நீலும் ஓ டானலும் கடுங்குளிரில் தீவின் நெடுமை முழுவதும் நடந்து வந்து முற்றுகையிட்டோரை முற்றுகையிட்டனர். பொறுத்திருந்தால் ஆங்கிலப் படை பசியாலும் நோயாலும் அழிந்திருக்கும். பொறுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திய நாட் காலையிற் போர் நடந்தது. ஸ்பானியர் ஏற்றிருந்த புதிய பஞ்சாங்கப்படி அன்று 1602-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி. இதனால் நூல்களில் ஒரே போருக்கு இரு தேதிகள் காணப்படும், மாணவர் மயங்கவேண்டாம். காட்டிலும் சதுப்பிலும் மறைந்து தாக்கிப் பழகிய ஓ நீலின் படை வெளிநிலத்தில் அணிவகுக்க முயன்று, குதிரைப்படையின் முன் நில்லாது இரண்டொரு மணி நேரத்திற் கலைந்தது. ஸ்பானியர் நகருக்குள்ளிருந்து வெளிவரவேயில்லை. ஓ டானல் உதவி நாடி ஸ்பெயின் சென்று அவ்வாண்டே அங்கு இறந்தார்.

1602-ஆம் ஆண்டில் மௌண்ட்ஜாய் டைரோனுக்குட் புகுந்து, டல்லிஹோக் குன்றிலிருந்த கல்லாசனத்தை உடைத்தெறிந்தார். கருங்கல்லொன்றை உடைக்க ஒரு சேனாபதி மெனக்கெட்டதன் பொருள், இதுவரை வந்த வாசகர்க்கு விளங்கும். வடநாடெங்கும் பஞ்சம். இதற்குள் போருக்கு இங்கிலாந்து செலவிட்டது ஏறக்குறைய இருபது இலட்சம் பவுன்; அரசியார் தம் நிலங்களையும் விற்க நேர்ந்தது. இரு பக்கமும் களைத்துவிட்டன.

1603-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் தேதி எலிஸபெத்து அரசியார் மறைந்தார். செய்தி மூன்று நாளில் மௌண்ட்ஜாய்க்கு எட்டியது. அவர் அதை வெளியிடவில்லை. 30-ஆம் தேதி, முன்பு துறவிகள் மடமாயிருந்த மெலிபாண்ட் மாளிகையில் ஓ நீல் முழந்தாளிட்டு, ஆறு நாட்களுக்கு முன் இறந்துபோன அரசிக்குப் பணிந்தார். ஓ நீல் என்னும் பெயரையும், ஸ்பெயினோடு உறவையும், அண்டைத் தலைவர்கள்மேலிருந்த அதிகாரத்தையும் கைவிட்டார். டைரோன் பிரபுப் பட்டமும் நிலமும் திரும்பக் கிடைத்தன. டப்ளினில் உண்மை தெரிந்தபோது அவர் கண்ணீர் விட்டார். அரசியாரிடத்திலுள்ள அன்பினால் அழுவதாகக் கூறினார். அருகிருந்த மௌண்ட்ஜாயின் காரியதரிசி அதனை நம்பவில்லை என்று எழுதியிருக்கிறார். சில நாள் பொறுத்திருந்தால் புதிய மன்னர் ஜேம்ஸிடம் இதனினும் நல்ல உடன்படிக்கை கிடைத்திருக்கக் கூடும்.

டியூடர் காலம் இங்கே முடிகிறது. ஆயினும் பெயரின் கதை முடியவில்லை. பிரபுவாகத் திரும்பியவர் தம் நிலம் எது என்று காட்ட வேண்டியவரானார். அவர் காட்டியது 1542-ஆம் ஆண்டில் பாட்டனார் பெற்ற பட்டயத்தை. அதன்படி டைரோன் முழுவதும் தமக்கே உரியது, ஓ கஹன் முதலியோர் தம் கீழ்க் குடிகளே என்று ஆங்கில நிலப்பிரபுவாக நின்று வாதித்தார். தலைக்குமேல் செருப்பெறியும் உரிமை பெற்ற குலத்தின் தலைவரும், அவர்தம் மருமகனுமாகிய ஓ கஹனோ, நிலம் தமக்கே சொந்தமென்று ஆங்கில நியாயஸ்தலத்தில் வழக்கிட்டார். அரசாங்க வழக்கறிஞராகிய ஜான் டேவிஸ் சிறு தலைவர்களின் உரிமைக்குப் பரிந்து பேசினார்! வழக்கு லண்டனுக்குப் போகும் நிலையில், 1607-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஓ நீல் குடும்பத்தோடும் ஓ டானலின் தம்பியோடும் ராத்மல்லன் துறையிற் கப்பலேறினார். மறு ஆண்டில் நியாயாதிபதிகள் டானிஸ்ட் முறை சட்டத்திற் செல்லாது என்று தீர்த்தனர். அல்ஸ்டரிற் பெரும்பகுதி ஸ்காட்டியர்க்கும் ஆங்கிலேயர்க்கும் பகுத்தளிக்கப்பட்டது. வழக்கில் வென்றுவிடுவார் போலிருந்த ஓ கஹனோ, விசாரணையின்றி லண்டன் டவரிற் பல்லாண்டு கிடந்து அங்கேயே மாண்டார்.

ஓ நீல் ரோமாபுரியை அடைந்து, திரும்பும் நாளை எதிர்நோக்கிக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்து, 1616-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் தேதி இறந்தார். மாந்தோரியோக் குன்றிலுள்ள பேதுரு ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். முதலில் வைத்த கல் காணாமற்போனமையால் 1989-ஆம் ஆண்டில் வேறொரு கல் பதிக்கப்பட்டது. லத்தீன் மொழியில் ஒரே வரி. ஓ நீல் குலத்து அரசன் ஹியூவின் எலும்புகள் இங்கே இருக்கின்றன என்பது அதன் கருத்து. டைரோன் என்னும் பட்டம் அதில் இல்லை.